நடை சாத்தாத ஏரி

இமயமலையின் நைனிதால் ஏரியை வெளியுலகுக்கு அறிவித்தவர் பாரன் என்ற வெள்ளைக்காரர். அவருக்கு முன்பே அதைப் பார்த்துவிட்ட வெள்ளைக்காரர் ஒருவர் உண்டு. குமாவோனின் ஆணையராக இருந்த டிரெய்ல் 1820களிலேயே அங்கே போய்வந்துவிட்டார். ஆனால் வெளியே அதைப் பற்றி மூச்சு விடவில்லை. மலைமக்கள் அந்த நீரைத் தேவியின் இடமாக வைத்திருக்கிறார்கள், தன் இனத்தார் திரண்டு வந்தால் அந்தப் புனிதம் கெட்டுப்போகும் என்று அவர் கருதியதாக வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். பிறகு 1839இல் ஷாஜகான்பூர் சர்க்கரை வணிகர் பாரன் வேட்டைக்கென்று மலையேறி வந்து ஏரியைக் கண்டார். அவருக்கு மௌனம் காக்கத் தோன்றவில்லை. வழி தெரியாது என்று சாதித்த ஒரு மலைவாசியின் தலையில் பெரிய கல்லை ஏற்றி, ஏரிக்கரையில் கல்லே கிடையாது, இதை அங்கே கொண்டுவந்து சேர் என்று அவர் நடக்கவிட்டார். பாரம் தாங்காத அந்த மனிதர், அங்கே கல்லுக்குப் பஞ்சமில்லை என்று சொல்லிவிட, ரகசியம் உடைந்தது. அந்த நிலத்துக்கு உரிமை கொண்டாடிய நர்சிங் என்பவரைப் படகில் ஏற்றி நடு ஏரிக்குக் கூட்டிப்போய் மிரட்டி, உரிமையை விட்டுக்கொடுத்ததாகக் குறிப்பேட்டில் எழுதி வாங்கிய கதையும் உண்டு. பாரன் தன் மலைப்பயண அனுபவங்களை 1844இல் நூலாக்கியபோது வைத்துக்கொண்ட புனைபெயர் ‘யாத்திரிகர்’. அவர் கட்டிய வீடு அந்தப் பெயரையே தாங்கியது. அதன் பின் வீடுகளும் தேவாலயமும் விடுதிகளும் மால் சாலையும் வந்தன. இன்று மே மாதத்தில் காட்கோதாமிலிருந்து மேலேறும் கார்கள் வரிசைகட்டி நிற்கின்றன.

இந்த இருவரில் யார் செய்தது சரி? இன்றைய மனம் யோசிக்காமல் பாரன் பக்கம் சாயும். இயற்கையின் அழகு எல்லோருக்கும் பொது, அதை ஒளித்துவைக்க யாருக்கும் அதிகாரமில்லை என்று நாம் நம்பப் பழகியிருக்கிறோம். கேள்வியைச் சற்று ஆழமாகக் கேட்டால் இந்த நம்பிக்கை ஆட்டம் காணும். ஓரிடம் அழகாக இருக்கிறது என்பது மட்டுமே அங்கே போவதற்கான உரிமையை நமக்குத் தந்துவிடுமா? தராது என்பதே என் முடிவு. மலைமக்கள் அந்த ஏரியைப் புனிதம் என்றபோது, தேவியை நம்பாதவரும் ஒப்புக்கொள்ள வேண்டிய ஓர் உண்மையைச் சொன்னார்கள். இந்த நீர் நமக்காக இருப்பதில்லை, அது தன் பொருட்டே இருக்கிறது என்பதுதான் அது. சதி தேவியின் கண் விழுந்த இடம் என்கிறது ஒரு கதை. அத்ரி, புலஸ்தியர், புலகர் ஆகிய மூன்று முனிவர்கள் தாகத்துக்குக் குழி தோண்டி மானசரோவரின் நீரால் நிரப்பினார்கள் என்கிறது ஸ்கந்த புராணத்தின் மானச காண்டம். எந்தக் கதையை எடுத்துக்கொண்டாலும் ஏரிக்கு வேறொரு உடைமையாளர் இருக்கிறார், வருகிறவர் விருந்தினர். விருந்தினர் எப்போது வரலாம், எவ்வளவு நேரம் தங்கலாம், எப்போது எழுந்துபோக வேண்டும் என்பதெல்லாம் அந்த ஒரு நிலையிலிருந்தே பிறக்கின்றன. மலைமக்கள் கோடையில் மேய்ச்சலுக்கு மாடுகளை ஓட்டி வந்தார்கள், ஆண்டுக்கு ஒருமுறை விழாவுக்குக் கூடினார்கள், திரும்பிப் போனார்கள். கரையில் நிலையாக யாரும் குடியேறவில்லை.

இதை வெறும் அச்சம் என்று ஒதுக்குகிறவர்கள் அந்த ஏரியின் அமைப்பைப் பார்க்க வேண்டும். நைனிதால் ஒரு கிண்ணம். சுற்றிலும் செங்குத்தான சரிவுகள், அடியில் ஐம்பது ஹெக்டேருக்கும் குறைவான நீர்ப்பரப்பு, மிக ஆழமான இடத்தில் சுமார் 27 மீட்டர். சரிவில் எவர் எதைக் கொட்டினாலும், எந்த மண்ணை வெட்டினாலும், கடைசியில் அது போய்ச் சேருமிடம் ஒன்றுதான். மேலே சுகாதால் என்றொரு பள்ளம் உண்டு. மழைக்காலத்தில் நிரம்பி, பிறகு வற்றிவிடும். பார்ப்பவர் கண்ணுக்கு அது வீணான நிலம். ஆனால் அங்கே தேங்கும் மழைநீர்தான் மண்ணுக்குள் மெல்லக் கசிந்து, மழையில்லாத மாதங்களில் கீழுள்ள ஏரிக்கு ஊட்டமாகிறது. அந்தப் பள்ளத்தில் கட்டட இடிபாடுகளைக் கொட்டினார்கள், வீடு கட்டினார்கள், வாகனங்களை நிறுத்தினார்கள். ஊர் குடிப்பதும் இந்த ஏரித் தண்ணீரையே. 2011 கணக்கெடுப்பின்படி நகரத்தில் 41,377 பேர். கோடையில் அதே நீரைப் பங்குபோட வந்துசேரும் கூட்டம் தனி. அடியாழத்தில் உயிர்வளி அற்றுப்போனதால் 2007 முதல் குழாய்கள் வழியே காற்றைச் செலுத்திக்கொண்டிருக்கிறார்கள். 2017 கோடையில் நீர்மட்டம் சரிந்து, கரையோரம் சேறும் மணலும் திட்டுத்திட்டாக வெளியே தெரிந்தன. பேராசிரியர் அஜய் சிங் ராவத் தொடுத்த வழக்கில் 1995இலேயே உச்ச நீதிமன்றம் தலையிட்டு ஏரியைக் காக்கும்படி சொல்லவேண்டியிருந்தது. இவ்வளவு ஆன பிறகு அறிவியல் சொல்வது என்ன? இந்த ஏரி தாங்கும் மனிதர்களின் அளவுக்கு ஓர் எல்லை உண்டு என்பதுதான். இதை மேய்ச்சல்காரர்கள் கருவி எதுவும் இல்லாமல் அறிந்து, தங்களுக்குத் தெரிந்த மொழியில், தேவியின் பெயரால் சொல்லி வைத்தார்கள்.

இங்கே ஒரு தவறான துணையை நான் மறுத்துவிட வேண்டும். 1880 செப்டம்பர் 18 அன்று, விடாது பெய்த மழைக்குப் பிறகு, மலைச்சரிவு பெயர்ந்து விழுந்து விக்டோரியா விடுதியையும் நைனா தேவி கோயிலையும் புதைத்தது. 151 பேர் இறந்தார்கள். தன் இடத்தில் அத்துமீறியவர்களைத் தேவி தண்டித்தாள் என்று அன்றும் பேசினார்கள், இன்றும் சிலர் பேசுகிறார்கள். இந்த வாதம் அறிவுக்கும் ஒவ்வாது, அறத்துக்கும் ஒவ்வாது. இறந்தவர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள். முதல் சரிவில் சிக்கியவர்களை மீட்க ஓடியவர்களும் அடுத்த சரிவில் மாண்டார்கள். காப்பாற்ற வந்தவனைக் கொல்லும் தெய்வத்தை வணங்க எனக்கு மனம் ஒப்பாது, தன் கோயிலையே தரைமட்டமாக்கும் சினம் எந்தக் கணக்கிலும் பொருந்தாது. நொறுங்கும் தன்மையுள்ள பாறை, கட்டடங்களுக்காக வெட்டப்பட்ட சரிவு, உள்ளே இறங்கிய மழைநீர் ஆகியவற்றின் விளைவு அது. அதற்குப் பிறகு சரிவெங்கும் பிரிட்டிஷார் கட்டிய வடிகால் கால்வாய்களின் வலைதான் நகரத்தை இன்றுவரை தாங்கி நிற்கிறது. புனிதம் என்பதைத் தண்டனைக்கு அஞ்சுவதாகக் குறுக்கிவிட்டால், தண்டனை வராத ஆண்டுகளில் அதற்கு மதிப்பே இராது. பேரழிவு நேராவிட்டாலும் எல்லை எல்லைதான்.

இதைவிடக் கனமான ஒரு மறுப்பு, தமிழ் வாசகர் எவருக்கும் உடனே தோன்றக்கூடியது. புனிதத்தின் பெயரால் எல்லை போடுவது என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாதா? 1924இல் வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருவில் நடக்கவே மனிதர்கள் போராடவேண்டியிருந்தது. மதுரை மீனாட்சி கோயிலின் கதவு எல்லோருக்கும் திறக்க 1939 ஆனது. தீட்டு என்ற சொல்லால் கட்டப்பட்ட அந்தச் சுவர்களை இடித்தவர்களின் பிள்ளைகளிடம் போய், புனிதம் கருதி விலகி நில்லுங்கள் என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? இந்தக் கேள்வியின் நியாயத்தை நான் முழுமையாக ஏற்கிறேன். ஆனால் இரண்டு வகை எல்லைகளை நாம் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளக்கூடாது. ஒன்று சிலரை வெளியே நிறுத்திச் சிலரை உள்ளே விடுவது. அது அதிகாரம், அதில் புனிதம் எள்ளளவும் இல்லை. மற்றொன்று எல்லோரையும் ஒன்றுபோலக் கட்டுவது. நம் கோயில்களில் உச்சிக்காலம் முடிந்ததும் நடை சாத்துகிறார்கள். அப்போது பணக்காரனுக்கும் தரிசனமில்லை, ஏழைக்கும் இல்லை, அர்ச்சகரும் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறார். தெய்வத்துக்கும் மனிதரில்லாத நேரம் வேண்டும் என்ற அந்த எண்ணம், வைக்கத்தின் தடையிலிருந்து அடியோடு வேறானது. பழைய நைனிதாலின் வழக்கத்தில் நான் காக்க விரும்புவது இதை மட்டுமே. அந்த மலைச் சமூகத்தில் சாதி இல்லாமலில்லை, அதை நியாயப்படுத்த எனக்கு எந்தக் காரணமும் கிடையாது.

அடுத்த மறுப்பாகச் சமவெளியின் வெயிலைச் சொல்வார்கள். பரேலியிலும் டெல்லியிலும் வெப்பம் 44, 45 டிகிரியைத் தொடும்போது, மூன்று மணி நேரமோ எட்டு மணி நேரமோ பயணம் செய்து குளிர்ந்த காற்றைத் தேடுவது குற்றமா? இல்லை. ஆனால் அந்த வெயிலில் உண்மையாகவே வாடுகிறவர்கள், சாலை போடுகிறவர்களும் ரிக்‌ஷா மிதிப்பவர்களும், நைனிதாலுக்குப் போவதில்லை. கார் வைத்திருப்பவர்கள்தான் போகிறார்கள். பிழைப்பைப் பற்றிய மறுப்பு இதைவிட வலுவானது. படகோட்டிகளும் விடுதி ஊழியர்களும் மெழுகுவர்த்தி விற்பவர்களும் இரண்டு மாத வருமானத்தில் ஆண்டை ஓட்டுகிறார்கள். அவர்களைப் பலிகொடுத்து வரும் தூய்மை எதுவும் அறமாகாது. எனவே எல்லை விதிப்பதென்றால் அதன் செலவை வருகிறவர்கள் தாங்க வேண்டும், அங்கே வாழ்கிறவர்கள் தாங்கக்கூடாது.

என் வாதத்துக்கு மிகப் பெரிய சோதனை நைனிதாலிலிருந்து பதினேழு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. நீம் கரோலி பாபாவின் கைஞ்சி தாம் ஆசிரமம் 1960களில் எழுந்தது. பாபாவின் பெயர் உலகமெங்கும் பரவிய பிறகு, ஜூன் 15 விழாவன்று அந்தக் குறுகிய மலைச்சாலை முழுக்க வாகனங்களால் அடைபட்டுப் போகிறது. புனிதம் எல்லை போடும் என்று நான் சொல்ல, இங்கே புனிதமே கூட்டத்தை இழுக்கிறது. கேதார்நாத்தும் பத்ரிநாத்தும் இன்னும் பெரிய சான்றுகள். நந்தாஷ்டமி விழாவில் வாழைத்தண்டில் செய்த நந்தா, சுனந்தா தேவியரின் உருவங்களைக் கரைப்பதுகூட நைனிதால் ஏரிக்குள்தான். அப்படியானால் பக்தி காப்பாற்றுமா, கெடுக்குமா? என் பதில் இது: நம் காலத்தில் யாத்திரையிலிருந்து விரதம் கழன்றுபோயிற்று. பழைய யாத்திரையில் இடத்தை அடைவது ஒரு பாதி, தன்னைக் குறைத்துக்கொள்வது மறுபாதி. நடந்து போனார்கள், உணவைச் சுருக்கினார்கள், பேச்சைச் சுருக்கினார்கள். நடக்க ஆகும் நாட்களும் உடல்படும் பாடுமே கூட்டத்தை அளந்து அனுப்பின. சாலையும் காரும் இரண்டாம் பாதியை வெட்டியெறிந்துவிட்டு முதல் பாதியை மட்டும் நம் கையில் கொடுத்தன. தன்னிடம் எதையும் கேட்காத இடத்துக்குப் போய்வருகிறவரை, நெற்றியில் திருநீறு இருக்கிறது என்பதற்காக யாத்திரிகர் என்று சொல்ல முடியாது. பாரன் தன்னை அப்படி அழைத்துக்கொண்டதில் தொடங்கிய பிழையை நாம் பக்தியோடு தொடர்கிறோம்.

துறந்து அனுபவி என்ற எண்ணம் இந்த மண்ணுக்குப் புதிதில்லை. ஈசாவாசிய உபநிடதத்தின் முதல் மந்திரத்தில் அது இருக்கிறது. காந்தி அந்த ஒரு மந்திரத்திலேயே இந்து தர்மத்தின் சாரத்தைக் கண்டார். 1929 ஜூனில் நைனிதால் வழியாகக் குமாவோனில் சுற்றிய அவர், கௌசானியில் தங்கியிருந்தபோதுதான் தன் கீதை மொழிபெயர்ப்பான அனாசக்தி (பற்றின்மை) யோகத்துக்கு முன்னுரை எழுதினார். கோடையில் மலைக்குப் போன ஒருவர் பற்றின்மையைப் பற்றி எழுதினார் என்பது என் பார்வையில் தற்செயல் இல்லை. இமயத்தின் பனிமுகடுகளைப் பார்த்துக்கொண்டிருக்கலாம், எடுத்துக்கொள்ள அங்கே ஒன்றும் கிடையாது. நைனிதாலுக்குக் கிழக்கே ஒன்பது மூலைகள் கொண்ட நௌகுசியாதால் ஏரியைப் பற்றியும் இதையொத்த ஒரு நம்பிக்கை உண்டு. ஒன்பது மூலைகளையும் ஒரே பார்வையில் காண்பவருக்கு முக்தி கிட்டுமாம், ஆனால் கரையில் எங்கே நின்றாலும் எல்லாமும் தெரிவதில்லை. ஏரியின் ஏதோ ஒரு பகுதி எப்போதும் பார்வைக்கு அப்பால் இருந்துகொண்டே இருக்கும் என்பதை இதைவிட அழகாக எப்படிச் சொல்வது? முழுவதையும் பார்த்துத் தீர்த்துவிட்டேன் என்று திரும்புகிறவருக்கு அந்த ஏரியிடம் மரியாதை வைக்க இனி ஒன்றும் மிச்சமில்லை.

அரசுகளும் நீதிமன்றங்களும் எல்லை விதிக்கும் பக்கம் நகரத் தொடங்கியிருக்கின்றன. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. அடுத்த ஆண்டு கோடைக்கு, ஊட்டிக்கு வார நாட்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000 என்று உச்சவரம்பும் விதித்தார்கள். இதை நான் வரவேற்கிறேன். ஆனால் எண்ணிக்கை வாகனத்தை நிறுத்துமே தவிர, நிறுத்தப்பட்டவரின் மனத்தில் அது அநீதியாகவே கசக்கும். ஏன் நிறுத்தப்பட்டோம் என்பதை அவருக்குச் சொல்ல மதத்தால் முடியும். நைனா தேவி கோயிலும் அருகிலுள்ள குருத்வாராவும் மசூதியும் தேவாலயங்களும் ஒரே குரலில் பேசினால், நகராட்சியின் பத்து அறிவிப்புகளைவிட அது ஆழமாகப் போய்ச் சேரும். அவர்கள் கேட்க வேண்டியது ஒன்றே: கோடைக் கூட்டத்தின் உச்சத்தில், ஜூன் மாதத்தில் பதினைந்து நாள் ஏரிக்கு நடை சாத்துங்கள். அந்த நாட்களில் படகு வேண்டாம், வெளியூர் வண்டி வேண்டாம், சுகாதாலில் ஒரு கூடை மண்கூட விழ வேண்டாம். படகோட்டிகளுக்கும் விடுதித் தொழிலாளர்களுக்கும் அந்தப் பதினைந்து நாள் கூலியை, மற்ற நாட்களில் வரும் ஒவ்வொரு காரிடமும் வசூலித்துக் கொடுங்கள். இந்தக் கோடையில் அங்கே போக நினைத்திருக்கும் வாசகர் அதற்காகக் காத்திருக்கத் தேவையில்லை. மே, ஜூனை விட்டுவிட்டு வேறொரு மாதம் போங்கள்.