உயிரைக் குறிவைக்காத ஆயுதம்

மலேசியாவின் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம். அதனால் கம்போங் ராஜா தேயிலை மலைகளில், குறிபார்த்துச் சுடுவதற்கென மலிவான சில துப்பாக்கிகளைச் சேர்ப்பதுகூட எளிதில் அமையாத பொழுதுபோக்கு. ஆனால் அது எழுப்பும் அறக்கேள்வி தமிழருக்குப் பழையது: எவரையும் கொல்லாத ஆயுதம் அறத்துக்கு முரணா?

திருக்குறள் 33ஆம் அதிகாரத்தில் கொல்லாமையை வலியுறுத்துகிறது. 78ஆம் அதிகாரத்தில் படைவீரரின் பெருமிதத்தைப் பாடுகிறது. முன்னது துறவறவியலுக்கும் பின்னது பொருட்பாலுக்கும் உரியது. ஆயுத பூஜை கருவியையே வணங்குகிறது. அங்கு ஆயுதத்தோடு தொழிற்கருவியும் சம மதிப்புப் பெறுகிறது.

சமணம் இன்னும் நுணுகிப் பார்க்கிறது. கவனமற்ற செயலால் உயிருக்கு நேரும் கேடே இம்சை என்கிறது தத்துவார்த்த சூத்திரம். இல்லறத்தார் கொலைக்கருவிகளைப் பிறருக்குக் கொடுப்பதையும் சமண நெறி விலக்குகிறது. இதன்படி, காகித இலக்கைச் சுடுவது கொலையாகாது. எனினும் துப்பாக்கியைப் பூட்டி வைப்பதும் பிறர் கைக்குப் போகாமல் காப்பதும் உடையவரின் அறக்கடமை.