நாரை திரும்பி வந்த ஆறு



நமது சிங்கப்பூரில் பீஷான் - அங் மோ கியோ பூங்காவுக்கு உங்களில் அநேகர் பிள்ளைகளோடு போயிருப்பீர்கள். காலாங் ஆற்றங்கரையில் சாம்பல் நாரை அசையாமல் நிற்பதையும், மீன்கொத்தி பாய்வதையும், சில நாட்களில் நீர்நாய்க் குடும்பம் நீந்திப் போவதையும் கண்டிருப்பீர்கள். பறவைகளைப் பார்த்துப் பாடம் படிக்கும்படி நம்மைப் பணித்தவர் சேசுநாதர் சுவாமி. ஆகையால் அந்த நாரையிடம் இன்று சற்றுப் பாடம் கேட்போம்.

அந்த ஆறு முற்காலத்தில் நாறிக் கிடந்தது. பன்றிப் பண்ணை, வாத்துப் பண்ணைகளின் கழிவும், தெருக்கடைகளின் எச்சிலும், வீடுகளின் அசுத்தமும் அதில் வந்து விழுந்தன. 1977-ம் ஆண்டு பிரதமர் லீ குவான் யூ, பத்து வருஷத்தில் சிங்கப்பூர் ஆறும் காலாங் ஆறும் சுத்தமாக வேண்டும் என்றார். 1987-ல் அந்த வேலை நிறைவேறியது. எப்படி? மேலே மிதந்த குப்பையை மாத்திரம் வாரினார்களா? இல்லை. அசுத்தம் புறப்படும் இடத்தைத் தேடிப் போனார்கள். பண்ணைக்காரரும் கடைக்காரரும் பழகிய இடத்தை விட்டுப் பெயர்ந்தார்கள். அது நோகாமல் நடந்த காரியமல்ல.

நல்ல பாவசங்கீர்த்தனமும் இப்படியே. பாவத்தைச் சொல்லிவிட்டு, பாவத்துக்கு ஏதுவான சமயத்தை வைத்துக்கொண்டால் பயன் என்ன? குடிக்க அழைக்கும் கூட்டாளி, சூதாட்டச் சீட்டு, இரவில் ஒளித்துப் பார்க்கும் கைத்தொலைபேசி, இவையே நமது ஆற்றுக்கு மேலே இருக்கும் பண்ணைகள். நொந்தாலும் அவற்றை அப்புறப்படுத்த வேண்டும்.

இன்னொன்றும் கேளுங்கள். அந்தப் பூங்காவின் ஓரமாய் ஆறு முன்னே 2.7 கிலோமீட்டர் நேரான சிமெண்ட் வாய்க்காலாக இருந்தது. மழைநீரை விரைவாய்க் கடத்தியது. ஆனால் வேர் பிடிக்க மண்ணில்லை, மீன் ஒதுங்க நிழலில்லை. 2012-ல் அதை 3.2 கிலோமீட்டர் வளைந்தோடும் ஆறாக்கித் திறந்தார்கள். இப்போது பெருமழையில் தண்ணீர் கரைமேல் பரந்து, பின் மெல்ல வடிகிறது.

உங்கள் வீடு எப்படி? ஒழுங்கும் சுத்தமும் உண்டு; ஆனால் எல்லாம் அவசரம். செபமாலை அவசரம், சாப்பாடு அவசரம், பிள்ளை பேச வாயெடுத்தால் கேட்க நேரமில்லை. சிமெண்ட் வாய்க்காலில் எது தங்கும்? கோபம் பெருகி வரும் நாளில் ஒருவர் இடங்கொடுத்தால் வெள்ளம் பரந்து அடங்கும். ஒருவரும் இடங்கொடாவிட்டால், வருஷக்கணக்காய் முகம் பாராத தகப்பனும் மகனும், அண்ணனும் தம்பியும் நம்மிடையே உண்டாகிறார்கள்.

காலாங் ஆறு கடைசியில் மரினா நீர்த்தேக்கத்தில் சேர்கிறது. 2008-ல் அங்கே அணை கட்டியபின் அந்த நீர் நமது குடிநீரில் சேர்கிறது. மேலே எறிந்தது கீழே நம் கோப்பைக்கே வரும். அப்படியே பெற்றோர் வீட்டில் எறியும் வசைச்சொல்லைக் குடிப்பவர்கள் அவர்கள் பெற்ற பிள்ளைகளே.

பிரியமானவர்களே, நாரையை ஒருவரும் விலைக்கு வாங்கி அங்கே நிறுத்தவில்லை. ஆறு உயிர்பெற்றது, அது தானாய் வந்தது. தேவ இஷ்டப்பிரசாதத்தையும் நாம் சம்பாதித்து வாங்குவதில்லை; சர்வேசுரன் இலவசமாய்த் தருகிறார். அதற்கு இடம் பண்ணும் மனதைத் தருகிறவரும் அவரே. இணங்குவது நமது கடன்.

ஆகவே இந்த வாரம் இரண்டு காரியம் செய்யுங்கள். பாவசங்கீர்த்தனத்துக்கு வாருங்கள். பேசாதிருக்கும் ஒருவரிடம் முதல் வார்த்தையை நீங்களே பேசுங்கள். அவர் உடனே பதில் சொல்லாவிட்டால் நாரையைப்போல் பொறுத்து நில்லுங்கள். ஆற்றுக்கே பத்து வருஷம் பிடித்தது.

சமாதானத்தின் இராக்கினியான தேவமாதா நமது வீடுகளுக்காக மன்றாடுவாராக. ஆமென்.