வீட்டின் விலையும் மூச்சின் விலையும்

நாட்பட்ட நுரையீரல் நோயால் மூச்சுத் திணறும் பெரியவர் ஒருவர், வீட்டை விற்று ‘ஸ்டெம் செல்’ எனும் குருத்தணுச் சிகிச்சை பெறலாமா என வினவினார். மருந்தில்லா நோயை அல்லாஹ் இறக்கவில்லை என்ற நபிமொழியையும் அவரே எடுத்துரைத்தார். மெய்தான், ஆனால் விற்பவன் கையிலிருப்பதே அம்மருந்து என்று அந்நபிமொழி கூறவில்லையே!

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் நோய் நீக்கும் வழிகளை உறுதியானது, எதிர்பார்ப்புக்குரியது, ‘வஹ்மு’ எனும் வெறும் ஊகம் என மூன்றாக வகுத்தார்கள். இது எவ்வகை? அமெரிக்காவில் 62 நோயாளரைக் கொண்டு நடத்திய ஆய்வு 2013இல் வெளியாயிற்று. தீங்கு தென்படவில்லை, குருத்தணு பெற்றோரின் மூச்சளவு, பெறாதோரைவிட உயரவுமில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறையோ, குறிப்பிட்ட சில இரத்த நோய்களுக்கன்றி, ஆய்வுக்கு வெளியே இதனை அளிப்பதை ஏற்கவில்லை. முறையான ஆய்வாளர் நோயாளியிடம் விலை பேசுவதுமில்லை.

மூச்சுக்கு ஏங்குபவரிடம் இதைச் சொல்வது எளிதன்று. “ஆக்ஸிஜனுக்கும் உறிஞ்சு மருந்துக்கும் கைப்பொருள் இருக்கட்டும், வீடு இருக்கட்டும்” என்றேன். அவர் விடை கூறவில்லை.