பழைய பாட்டு

வெள்ளிக்கிழமை திருவொற்றியூர் வடிவுடையம்மன் சந்நிதியில் நின்றால் வடிவுடை மாணிக்க மாலை காதில் விழாமல் போகாது. அட்டை கிழிந்த சின்னப் புத்தகத்தை மடித்துப் பிடித்தபடி பெண்கள் படிப்பார்கள். பாதிப் பேருக்குப் புத்தகமே வேண்டாம். வள்ளலார் பாடிய 101 பாட்டு. ஏழுகிணறு வீராசாமித் தெருவில் குடியிருந்தபோது அங்கிருந்து நடந்தே இந்தக் கோயிலுக்கு வந்துபோவார். இன்று கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே அப்படி நடக்க, பக்தியோடு கொஞ்சம் அசட்டுத் துணிச்சலும் வேண்டும்.

அதே வள்ளலார் 1873 அக்டோபரில் மேட்டுக்குப்பத்தில் சன்மார்க்கக் கொடி ஏற்றிப் பேசுகையில், சைவத்தின் மேல் தமக்கிருந்த பழைய பற்றை மறைக்கவில்லை. முன்பு பாடியவையே அதற்குச் சாட்சி என்றார். அப்போது தம் அறிவு அவ்வளவுதான் என்றும், அந்தப் பற்றை விட்டதால்தான் மேலே ஏற முடிந்தது என்றும் சொன்னார். ஆனால் 1867-இல் அச்சேறிவிட்ட அந்தப் பாட்டுகளைக் கொளுத்தச் சொல்லவில்லை. அவர் கடந்துபோன படியில் நின்று இன்னொருவர் கும்பிட்டால் அதில் என்ன பிசகு?

மனம் மாறியவர் என்றாலே நமக்கு இளக்காரம்தான். அந்த இளக்காரத்துக்குத் தகுந்த ஆட்களும் இருந்திருக்கிறார்கள். அயர்லாந்தில் மைலர் மக்ரா என்ற பிரான்சிஸ்கன் துறவியை 1565-இல் போப் ஆயராக்கினார். இரண்டே ஆண்டில் அவர் எலிசபெத் ராணியின் பக்கம் சாய்ந்தார். 1571-இல் ராணியின் புராட்டஸ்டன்ட் திருச்சபையில் காஷெல் பேராயர். 1580-இல் ரோமாபுரி பதவியைப் பறிக்கும்வரை பழைய ஆயர் பட்டத்தையும் விடவில்லை. ஒன்பது வருஷம், எதிரெதிர் முகாம்கள் இரண்டிலும் மேலங்கி! நூறு வயதை ஒட்டி வாழ்ந்து 1622-இல் இறந்தார். அவர் மாறியதுகூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. இரண்டு நாற்காலியிலும் துண்டு போட்டு வைத்திருந்தாரே, அதைத்தான் ஜீரணிக்க முடியவில்லை.

எண்ணூர்ப் பக்கம் ஓர் ஆலையில் செங்கொடிச் சங்கத்தின் பொருளாளராக இருந்த நண்பர் ஒருவர், ஐம்பது வயதுக்கு மேல் சபரிமலைக்கு மாலை போட்டார். வள்ளலாருக்கு நேரெதிர்த் திசை. டீக்கடையில் கிண்டல் தாங்க முடியவில்லை. ஆனால் மாலை போடுவதற்கு முன்பே கணக்கு நோட்டையும் ரசீதுப் புத்தகத்தையும் சங்கத்தில் ஒப்படைத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் வந்திருந்தார்.

“அப்போ மேடையில நீ பேசினதெல்லாம் டூப்பா?” என்றான் ஒரு பையன்.

“அன்னிக்கு நம்பித்தான்பா பேசினேன்” என்றார்.