தண்டனையும் நோயும்

காவிரிப்பூம்பட்டினத்துச் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றித் தருமாறு மணிமேகலை அரசனை வேண்டினாள். அவனும் இசைந்தான் என்பது சாத்தனார் காப்பியம் கூறும் செய்தி. அப்பகுதியைப் பல்லாண்டுகள் வகுப்பறையில் நடத்தியிருக்கிறோம். ஆயினும், சிறை அறத்திற்குரிய இடமாதல் கூடுமா என்னும் வினாவை அன்று நாம் ஆழ்ந்து எண்ணியதில்லை. எழுபது கடந்த இந்நாளில் எண்ணுகிறோம்.

குற்றவாளிக்கு நீதிமன்றம் விதிப்பது யாது? இத்தனை ஆண்டுகள் உரிமையிழந்து இருத்தல் என்பதே. மனநோயுற்று மருந்தின்றி வாடுக என்று எந்த நீதிபதியும் தீர்ப்பு எழுதுவதில்லை. எழுதப்படாத அத்தண்டனையைப் பலர் துய்த்திருக்கின்றனர்.

அக்காலப் பீகாரின் ஹசாரிபாக் சிறையில் மனநோயாளர் என அடைக்கப்பட்டோருட் சிலர், நோய் தெளிந்த பின்னரும் விடுவிப்பார் இன்றிப் பல்லாண்டுகள் அங்கேயே கிடந்தனர். 1982ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் தலையிட்ட பின்னரே அவர்களுக்கு விடிவு பிறந்தது. குற்றம் செய்யாத மனநோயாளரைச் சிறையில் வைத்தல் சட்டத்திற்கும் அரசமைப்பிற்கும் மாறானது என்று, மேற்கு வங்கச் சிறைகள் பற்றிய வழக்கில் அதே நீதிமன்றம் 1993இல் தீர்ப்பளித்தது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டமோ, ஒவ்வொரு மாநிலத்திலும் குறைந்தது ஒரு சிறையின் மருத்துவப் பிரிவிலேனும் மனநல மருத்துவ நிலையம் அமைக்குமாறு பணிக்கிறது.

சட்டம் உண்டு. ஆனால், நோயை நோயென்று காணும் கண்ணும் வேண்டுமன்றோ?

ஆசிரியப் பயிற்சியில் நமக்கு உளவியல் ஒரு பாடம். நல்ல மதிப்பெண்ணும் பெற்றோம். பணியேற்ற சில ஆண்டுகளில், நான்காம் வகுப்புச் சிறுவன் ஒருவன் எதைக் கேட்டாலும் வாளா நின்றான். பிடிவாதம் எனக் கருதி, நாள்தோறும் அவனைப் பெஞ்சின்மேல் ஏற்றி நிறுத்தினோம். அவனுக்குக் காது மந்தம் என்று நாம் அறிய இரண்டு திங்கள் ஆயின. முன்வரிசையில் அமர்த்தியபின் அவன் விடை கூறினான். அவனை நினைக்குந்தோறும் இன்றும் நெஞ்சு சுடுகிறது.

சிறையில் நிகழ்வதும் இதுவே. இரவெல்லாம் உறங்காது கூவுபவனும், அழைத்தால் எழாது சுவரை நோக்கி அமர்ந்திருப்பவனும் காவலர் கண்ணுக்கு அடங்காதவராகவே தோன்றுவர். தனியறையில் அடைத்தால் தனிமை நோயை வளர்க்கும். வளர்ந்த நோய் மேலும் அடங்காமையாகத் தோன்றும். இது காவலரின் கொடுமை அன்று, பெரும்பாலும் பயிற்சியின்மையே.

“கொலையுண்டவன் குடும்பம் கண்ணீரில் இருக்க, கொன்றவனுக்கு மருத்துவமா?” என வினவுவோர் உளர். அவ்வினாவிலுள்ள வேதனையை நாம் புறந்தள்ளவில்லை. ஆயினும் இரண்டு செய்திகள் கருதத்தக்கன. 2022ஆம் ஆண்டுக் கணக்கின்படி, இந்தியச் சிறைகளில் இருந்தோருள் நால்வரில் மூவர் தீர்ப்புப் பெறாத விசாரணைக் கைதிகள். மற்றொன்று, குற்றவாளியே ஆயினும், தான் செய்ததை உணர்ந்து வருந்துவதற்குத் தெளிந்த உள்ளம் வேண்டும். அறிவு கலங்கியவன் எதனை எண்ணிக் கழிவிரக்கம் கொள்வான்? அவனை நோயிலேயே விட்டுவிடுதல், திருந்தும் வாயிலையும் அடைப்பதாகும்.

தீவினையைச் செய்தல், செய்வித்தல், செய்வதற்கு உடன்படுதல் ஆகிய மூன்றும் தீதே எனக் கற்றவர் நாம். மதிலுக்குள் ஓர் உயிர் மருந்தின்றி வாடுவதை அறிந்தும் வாளாவிருத்தல் உடன்பாடே அன்றி வேறென்ன?

நம்மால் இயல்வது சிறிதேனும் உண்டு. மனநோய்க்கு மருந்துண்ணும் ஒருவர் கைதானால், மருத்துவச் சீட்டுகளை உடனே சிறை மருத்துவரிடம் சேர்ப்பிக்குமாறு அவர் குடும்பத்தாருக்கு எடுத்துரைக்கலாம். காவலில் இருப்போருக்கு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு கட்டணமின்றி வழக்கறிஞரை அமர்த்தித் தரும் என்பதையும் அறிவிக்கலாம். எல்லாவற்றிற்கும் மேலாக, நாணத்தால் ஒடுங்கி நிற்கும் அக்குடும்பத்தின் வாயிலை நாம் தவிர்த்து நடவாதிருக்கலாம்.