காது வெட்டுவது யாருக்காக?

தலைஞாயிறுக்கு அருகே உம்பளச்சேரி என்றொரு கிராமம். அந்தப் பெயர் கொண்ட மாட்டினத்தைத் தஞ்சைத் தரணியில் அறியாத விவசாயி இல்லை. சிறிய உடல், நெற்றியில் வெள்ளைச் சுட்டி. செவலையாகப் பிறக்கும் கன்று சில மாதங்களில் சாம்பல் நிறத்துக்கு மாறிவிடும். சேற்றில் சளைக்காமல் ஏர் இழுக்கும். காளைகளுக்குக் கொம்பை எடுத்துவிடுவது வழக்கமாதலால் 'மொட்டை மாடு' என்றும் சொல்வார்கள். காதையும் கத்தரித்து, சூடும் போடுவதுண்டு.

இவ்வினத்துக் காளைக்கன்று ஒன்றை வளர்த்துவரும் பெரியவர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "ஹஜ்ரத், எங்க அத்தா காலத்திலேருந்து காது வெட்டுறோம். இது பாவமா?"

உடனே பதில் சொல்ல நாவெழவில்லை. கால்நடைகளின் காதுகளை அறுக்கச் செய்வதை ஷைத்தானின் ஏவல்களில் ஒன்றாகத் திருக்குர்ஆன் (4:119) எண்ணுகிறது. சிலைகளுக்கு நேர்ந்துவிட்டு ஒட்டகத்தின் காதைக் கிழித்த அறியாமைக் கால வழக்கத்தையே அது குறிப்பதாக விரிவுரையாளர்கள் கூறுவர். நம்மவர் எதற்கும் நேர்ந்துவிடவில்லைதான். ஆனால் அல்லாஹ்வின் படைப்பை மாற்றுவதையும் அதே வசனம் சேர்த்தல்லவா கண்டிக்கிறது!

மறுபுறம், நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஆடுகளின் காதில் அடையாளச் சூடு இட்டதை அனஸ் (ரலி) அவர்கள் கண்டதாக ஸஹீஹுல் புகாரியில் வருகிறது. முகத்தில் சூடு போடுவதையோ அவர்கள் வன்மையாகத் தடுத்தார்கள். ஆகவே காதைத் தொட்டதே குற்றம் என்று சொல்ல வழியில்லை. எதற்காகத் தொட்டோம் என்றுதான் பார்க்க வேண்டும்.

இன்று கால்நடைத் துறையினர் 12 இலக்க எண்ணுள்ள மஞ்சள் வில்லையைக் காதில் துளையிட்டு மாட்டுகிறார்கள். கோமாரித் தடுப்பூசி போட்ட விவரம் அந்த எண்ணில் பதிவாகிறது. வலி மாட்டுக்கு, நன்மையும் மாட்டுக்கே. கொம்பெடுப்பதற்கும் ஒரு நியாயம் இருந்தது. நுகத்தடியில் ஜோடி மாட்டைக் குத்தாது, சேற்றில் உடன் நிற்கும் ஆளுக்கும் ஆபத்தில்லை. (டிராக்டர் வந்தபின் அந்த நியாயமும் மெலிந்துவிட்டது.) காது வெட்டுவதற்கு என்ன நியாயம்? 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம்கூட கொம்பெடுத்தல், காயடித்தல், சூடு போடுதல், மூக்கணாங்கயிறு இவற்றை விதித்த முறைப்படி செய்தால் விலக்களிக்கிறது. அந்தப் பட்டியலில் காதறுப்பு இல்லை.

நாமோ ஹஜ்ஜுப் பெருநாள் சந்தையில் ஆட்டின் காதைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறோம். காதில் ஒரு துண்டு போயிருந்தாலும் ஷாஃபிஈ மத்ஹபில் குர்பானிக்குச் செல்லாது. ஹனஃபி மத்ஹபில் பெரும்பகுதி போயிருந்தால் செல்லாது. அல்லாஹ்வுக்காக அறுக்கும் பிராணியில் குறை என்று ஒதுக்குவதை, நம் தொழுவத்தில் மட்டும் அழகு என்று எப்படிச் சொல்வது?

இதைப் பெரியவரிடம் சொன்னேன். சற்று யோசித்தார். "வெட்டாத மாட்டுக்குச் சந்தையில வெல கொறைப்பானே ஹஜ்ரத்?"

"குறைக்கலாம், அண்ணே" என்றேன்.

"எவ்வளவு கொறையுதுன்னு பாத்துக்குவோம்" என்று சொல்லிக் கன்றின் காதுக்குப் பின்னால் சொறிந்து கொடுத்தார்.