துக்கப்படுகிறவர் உண்ணலாமா?



அடக்கம் முடிந்து, உறவின்முறையார் எல்லாரும் ஊர் திரும்பின பிறகு ஒருநாள் துக்க வீட்டாருக்குப் பசி எடுக்கிறது. சோறு ருசிக்கிறது. உடனே நெஞ்சு குத்துகிறது: "அவர் மண்ணுக்குள் கிடக்க, நான் இப்படி ருசித்து உண்கிறேனே, இது அடுக்குமா?" இது பாவமோ என்று கலங்கிக் கேட்பவர்களும் உண்டு. பாவமல்ல. ஏன் அல்ல என்பதைச் சற்று நிதானமாய்ப் பார்ப்போம்.

கி.பி. 387-ம் ஆண்டு, ரோமாபுரிக்கு அடுத்த ஒஸ்தியா துறைமுகத்தில் அர்ச். மோனிக்கம்மாள் 56-ம் வயதில் மரித்தார்கள். மகன் அகுஸ்தீனுக்கு அப்போது 33-ம் வயது நடந்துகொண்டிருந்தது. தாயின் கண்களைத் தாமே மூடினார், ஆனால் அழவில்லை. நல்ல மரணம் அடைந்தவளுக்காகப் புலம்புவது தகாது என்று எண்ணி, கண்ணீரை வலிய அடக்கிக்கொண்டார். அடக்கத்தின்போதும் அழவில்லை. பிறகு, குளித்தால் மனப்பாரம் குறையும் என்று கேள்விப்பட்டுக் குளிக்கப் போனார். குறையவில்லை! குளித்த பின்னும் துக்கம் அப்படியே இருந்தது என்று தமது 'உள்ளக்கிடக்கை' நூலில், ஒளிக்காமல், அவரே எழுதுகிறார். அதன்பின் தூங்கினார். விழித்தபோது பாரம் ஓரளவு தணிந்திருந்தது. படுக்கையில் தனித்திருந்து, அர்ச். அம்புரோசியார் இயற்றிய பாடல் ஒன்றை நினைத்தார். பின்புதான் அணை உடைந்தது; தாய்க்காக அழுதார்.

இந்த ஒழுங்கைக் கவனியுங்கள். உறக்கம் கண்ணீரைத் துடைக்கவில்லை. அழுவதற்கு வேண்டிய பலத்தைத் தந்தது.

ஏறக்குறைய 900 ஆண்டுகளுக்குப் பின், அர்ச். தோமாஸ் அக்வினாஸ் துக்கத்துக்கு மருந்து எது என்று ஆராய்ந்தார். இன்பம், கண்ணீர், நண்பரின் இரக்கம், சத்தியத்தைத் தியானித்தல் என்று சொல்லிவந்தவர், ஐந்தாவதாக உறக்கத்தையும் குளியலையும் சேர்த்தார். அவ்வளவு பெரிய வேதசாஸ்திரி குளியலறை வரை வந்துவிட்டாரே என்று சிரிக்க வேண்டாம். அவர் காட்டும் நியாயம் இது: துக்கம் ஆத்துமத்தோடு நிற்பதில்லை, சரீரத்தின் ஜீவ அசைவையே தடுக்கிறது; ஆகவே சரீரத்தை அதன் இயல்பான நிலைக்குத் திருப்புவது எதுவோ, அது துக்கத்துக்கு எதிரி. துக்கத்துக்குத்தான் எதிரி, மரித்தவர்மேல் உள்ள அன்புக்கு அல்ல. இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்புவதால்தான் ஒரு கவளம் சோறும் துரோகமாய்த் தோன்றுகிறது.

ஆகையால் விதவையான சகோதரியே, பிள்ளையை இழந்த தகப்பனே, தினமும் ஒரே வேளையில் எழுந்திருங்கள். பசி இல்லாவிட்டாலும் கஞ்சியாவது குடியுங்கள். பூசைக்கு நடந்தே வாருங்கள். அந்த நடையும் மருந்துதான். செபமாலை சொல்ல நா எழாவிட்டால் மணியைக் கையில் பிடித்திருந்தாலும் போதும். தூக்கத்துக்காக மதுவை நாடாதீர்கள். அது நடுச்சாமத்தில் எழுப்பிவிடும், மறுநாள் கூலியும் கேட்கும்.

"வேலையில் மூழ்கி மறந்துவிடு" என்று சொல்வாரும் உண்டு. அது அரைகுறை ஆலோசனை. துக்கத்தை நேரே பார்ப்பதும், அதைச் சற்று இறக்கி வைத்து வாழ்க்கை வேலையைக் கவனிப்பதும் மாறி மாறி நடக்க வேண்டும் என்று நெதர்லாந்தைச் சேர்ந்த மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஸ்கட் என்னும் அறிஞர் இருவர் 1999-ல் விளக்கி எழுதினார்கள். சாயங்காலத்தில் படத்தின்முன் அமர்ந்து அழுதவர், மறுநாள் காலையில் வாசல் தெளிப்பதில் தவறேதும் இல்லை.

மாதங்கள் பல கடந்தும் அன்றாட வேலை எதுவும் ஓடவில்லையானால், மருத்துவரிடம் போங்கள். ஆறு மாதத்துக்கு மேலும் ஒருவரை முடக்கிப்போடும் கடுந்துக்கத்தை, 2022-ல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் ஒரு நோயாகவே ஏற்றிருக்கிறது. அது விசுவாசக் குறைவு அல்ல.

அண்டை அயலாருக்கும் ஒரு வார்த்தை. தாவீது இராசா பிள்ளை மரித்த அன்றே எழுந்து, குளித்து, ஆலயம் சென்று தொழுது, பிறகு உணவு கேட்டபோது ஊழியர்கள் வியந்தார்கள். நம் தெருவில் வியப்போடு நிற்பதில்லை, வம்பும் பேசுகிறோம். "முப்பது நாள்கூட ஆகவில்லை, சிரிக்கிறாளே" என்கிறோம். துக்க வீட்டில் அடுப்பு மூட்டாத நாளில் சோறு கொண்டுபோவது நம்மவரின் நல்ல வழக்கம். மூன்றாம் நாளோடு அதை நிறுத்திவிடுகிறோம். வீடு வெறிச்சோடுவது அதற்குப் பிறகுதான். நாற்பதாம் நாளும் ஒரு பாத்திரம் எடுத்துக்கொண்டு போய், கூட உட்கார்ந்து சாப்பிட்டு வாருங்கள்.